எழுநூறு காவதமும் இரண்டு கூற்றமும்

சிலப்பதிகாரத்தில் வேனிற்காதை தமிழ்நாட்டின் எல்லைகளைச் சொல்லித் தொடங்குகிறது. வடக்கே மலை, தெற்கே கடல். தொல்காப்பியத்துக்குப் பாயிரம் செய்த பனம்பாரனார் தெற்கெல்லை குமரி என்றார். அந்தக் குமரியை ஆறு என்று கொண்டவர்கள் உண்டு. ஓரிடத்தில் ஆறு, இன்னோரிடத்தில் கடல். இன்று படிக்கிற நமக்கு இது பிரச்சினையே இல்லை. இரண்டு நூல், இரண்டு ஆள், இரண்டு காலம் என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவோம். அடியார்க்குநல்லாரால் அப்படிப் போக முடியவில்லை. பழைய நூல்கள் எல்லாம் ஒரே உலகத்தைப் பற்றிப் பேசுகின்றன என்பது அவருடைய நம்பிக்கை. அந்த உலகத்தில் முரண் இருக்க முடியாது. இருப்பதுபோல் தெரிந்தால் நமக்குச் சொல்லப்படாத ஏதோ ஒன்று நடுவில் விடுபட்டிருக்கிறது என்று பொருள். அந்த விடுபட்டதை எடுத்து வைப்பதுதான் உரை.

எடுத்து வைத்தார். பஃறுளி என்ற ஆற்றுக்கும் குமரி என்ற ஆற்றுக்கும் இடையே எழுநூறு காவதப் பரப்பு இருந்தது. அதில் ஏழு தெங்க நாடு, ஏழு மதுரை நாடு, ஏழு முன்பாலை நாடு, ஏழு பின்பாலை நாடு, ஏழு குன்ற நாடு, ஏழு குணகாரை நாடு, ஏழு குறும்பனை நாடு என நாற்பத்தொன்பது நாடுகள். மலையும் காடும் ஆறும் ஊரும் சேர்த்து எல்லாவற்றையும் கடல் கொண்டுவிட்டது. ஆகவே ஆறு இருந்த இடத்தில் கடல் எல்லையாயிற்று. பனம்பாரனாரும் சரி, இளங்கோவும் சரி. ஒரு சொல்லுக்கு விளக்கம் தேடிப் போனவர், போகிற போக்கில் ஒரு கண்டத்தை உண்டாக்கிவிட்டார்.

இந்த ஏழேழு நாடுகளின் பெயர்களை வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பார்க்க வேண்டும். தென்னை, குட்டைப் பனை, குன்று, முன்னால் ஒரு பாலை, பின்னால் ஒரு பாலை. நில அளவைக்காரன் இப்படிப் பெயர் வைக்கமாட்டான். திணை மரபில் ஊறிய ஒருவன், பார்க்காத நாட்டைக் கண்ணுக்குள் கொண்டுவர முயன்றால் இப்படித்தான் வரும். குறும்பனை என்ற பெயரில் கன்னியாகுமரி மாவட்டத்தில் இன்றும் ஒரு கடற்கரை ஊர் இருக்கிறது. மூழ்கிய நாட்டின் மிச்சம் அது என்று அன்பர்கள் சொல்வார்கள். இருக்கிற ஊரின் பெயரை இல்லாத நாட்டுக்குக் கொடுத்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டில் எது என்று அந்தப் பெயரை வைத்துக்கொண்டு மட்டும் தீர்க்க முடியாது.

அடியார்க்குநல்லார் நிரம்பை ஊரினர். கொங்கு மண்டல சதகம் அவரைக் கொங்கு நாட்டவர் என்று உரிமை கொண்டாடுகிறது. அதை ஏற்றுக்கொண்டால், தமிழின் மிகப் பெரிய கடற்கோள் வர்ணனை கடலே இல்லாத ஒரு மேட்டு நிலத்துக்காரரிடமிருந்து வந்திருக்கிறது. இந்த வேடிக்கை இருபதாம் நூற்றாண்டிலும் தொடர்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

அவருக்கு முன்பே களவியலுரை இருந்தது. இறையனார் அகப்பொருளுக்கு நக்கீரர் பெயரில் வழங்கும் உரை. மூன்று சங்கங்களின் கதை முழுசாக நமக்குக் கிடைப்பது அதில்தான். தலைச்சங்கம் 4440 ஆண்டு, இடைச்சங்கம் 3700 ஆண்டு, கடைச்சங்கம் 1850 ஆண்டு. மொத்தம் 9990. பாடினவர்கள் 4449, 3700, 449; ஆக 8598 பேர். அரசர்கள் 89, 59, 49; ஆக 197. வங்கியில் உத்தியோகம் பார்க்கிறவனுக்குத் தொகைகளைக் கண்டால் கை சும்மா இருக்காது. ஆண்டுக் கணக்கு மூன்றையும் முப்பத்தேழால் வகுத்துப் பாருங்கள். 120, 100, 50 என்று மிச்சமில்லாமல் விழும். இது பலர் முன்பே கவனித்ததுதான். மற்ற எண்களில் நாற்பத்தொன்பதும் ஒன்பதும் திரும்பத் திரும்ப ஒலிக்கின்றன. சரித்திரம் இவ்வளவு சுத்தமாக வகுபடாது. செவிக்கு இனிமையாக ஒரு சொல்லி, கேட்கிறவர்கள் மனசில் நிற்கும்படி எண்களை அடுக்கியிருக்கிறார். இந்த உரையில் மேற்கோளாக வருகிற பாண்டிக்கோவை ஏழாம் நூற்றாண்டின் நெடுமாறனைப் பாடுவது. ஆகவே நம் கையில் இருக்கிற வடிவம் அதற்கு முற்பட்டதாக இருக்க வழியில்லை. தான் சொல்கிற தலைச்சங்கத்துக்கும் தனக்கும் நடுவே பல ஆயிரம் ஆண்டுகள் இருக்கின்றன என்பது அந்த உரைகாரருக்கே தெரியும்.

தெரியும் என்பதற்கு அவருடைய நடையே சாட்சி. சங்கம் இருந்த இடத்தைச் சொல்லும்போது ‘என்ப’ என்கிறார். கடல்கோள் இடைச்சங்க காலத்தில் நடந்தது என்று சொல்லும்போது ‘போலும்’ என்கிறார். சொல்கிறார்கள், அப்படி இருக்கலாம். இந்த இரண்டு சிறிய சொற்களும் எனக்கு அந்தப் பெரிய எண்களைவிட முக்கியமாகப் படுகின்றன. உரைகாரர் சத்தியம் செய்யவில்லை. கேட்டதைக் கேட்டதாகவே கைமாற்றுகிறார். குமரிக்கண்டத்தின் சரித்திரம் என்று ஒன்று எழுதினால் அது இந்த ‘போலும்’ என்ற சொல் எப்படி உதிர்ந்தது என்பதன் சரித்திரமாகவே இருக்க முடியும்.

முரண்கள் ஒன்றிரண்டல்ல. பாண்டியன் இழந்த நிலத்துக்கு ஈடாக எதை எடுத்துக்கொண்டான்? சிலப்பதிகாரத்தில் கங்கையும் இமயமும். கலித்தொகையில் சோழ, சேர நாடுகளின் பகுதி. இமயம் எங்கே, அண்டை நாட்டு எல்லை எங்கே? அடியார்க்குநல்லார் இதற்கும் வழி வைத்திருக்கிறார். சோழ எல்லையில் முத்தூர்க் கூற்றமும் சேர நாட்டில் குண்டூர்க் கூற்றமும் ஈடாக எடுத்துக்கொள்ளப்பட்டன என்கிறார். கூற்றம் என்பது ஒரு நாட்டுக்குள் சிறு பிரிவு. போனது எழுநூறு காவதம். வந்தது இரண்டு கூற்றம். ஒரே உரைகாரரின் ஒரே உரையில் இந்த இரண்டு அளவுகளும் நிற்கின்றன. பெரிய கண்டம் வேண்டும் என்கிறவர்கள் காவதத்தை எடுத்துக்கொண்டு கூற்றத்தை விட்டுவிடுவார்கள். சின்ன இழப்பு என்கிறவர்கள் கூற்றத்தைப் பிடித்துக்கொண்டு காவதத்தை விட்டுவிடுவார்கள். இரண்டையும் ஒருசேர வைத்துப் பார்த்து, இவர் இரண்டு வெவ்வேறு மரபுக் கதைகளைக் கேட்டிருக்கிறார் என்று சொல்வதற்கு யாருக்கும் மனசு வரவில்லை.

பஃறுளியை எடுத்துக்கொள்ளுங்கள். புறநானூற்றில் நெட்டிமையார் முதுகுடுமியை வாழ்த்தும்போது அந்த ஆற்று மணலை ஒரு கணக்காகச் சொல்கிறார். மணலைச் சொன்னால் ஆறு அப்போது ஓடிக்கொண்டிருந்ததா, அல்லது மூழ்கிய ஆறு வாழ்த்து மரபில் மட்டும் ஓடிக்கொண்டிருந்ததா? அதே முதுகுடுமியைக் காரிகிழார் பாடும்போது குமரி வருகிறது. ஆகவே முதுகுடுமி கடல்கோளுக்கு முந்தியவன் என்பார்கள் ஒரு சாரார். இல்லை, பஃறுளி என்பது குமரி மாவட்டத்தில் இன்றும் ஓடுகிற பறளியாறுதான், எங்கும் போகவில்லை என்பார்கள் இன்னொரு சாரார். குமரிக்கோடு என்பதில் ‘கோடு’ மலையா கரையா என்பது தனிச் சண்டை. சொல்லுக்கு இரண்டு அர்த்தமும் உண்டு. மலை என்றால் வரைபடத்தில் ஒரு மலைத்தொடர் எழும்பும். கரை என்றால் ஒரு கோடு போதும்.

இதே காரியத்தை வேறொரு ஊரில் வேறொருவர் செய்தார். 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கில விலங்கியலாளர் மடகாஸ்கரின் பாலூட்டிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். லெமூர் வகை மடகாஸ்கரில் மிகுதி, அதன் உறவினங்கள் இந்தியாவில் உண்டு, நடுவில் கடல். இரண்டு உண்மைகள் ஒத்துவரவில்லை. அவரும் நடுவில் ஒரு நிலத்தை வைத்தார். பெயர் லெமூரியா. இவர் ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே நிலத்தை வைத்தார். அவர் குரங்குக்கும் குரங்குக்கும் நடுவே வைத்தார். வங்கிக்காரர்களுக்கு இது பழக்கமான விஷயம். பேரேட்டில் இரு பக்கமும் ஒத்துவராவிட்டால் வித்தியாசத்தை சஸ்பென்ஸ் கணக்கில் போட்டுவைப்போம். பிறகு காரணம் தெரிந்ததும் அதை நேர் செய்துவிட வேண்டும். விஞ்ஞானத்தில் நேர் செய்தார்கள். 1912இல் வேகனர் கண்டங்களே நகர்கின்றன என்றார்; 1960களில் நிலத்தட்டுக் கொள்கை நிலைபெற்றது. நிலங்கள்தான் நகர்ந்தன, நடுவில் எதுவும் மூழ்கத் தேவையில்லை என்று ஆயிற்று. சஸ்பென்ஸ் கணக்கு முடிக்கப்பட்டது. நாம் அந்தக் கணக்கிலேயே வீடு கட்டிக் குடியேறினோம்.

குடியேற்றம் மெல்லத்தான் நடந்தது. ஹெக்கல் மனிதன் முதலில் தோன்றிய இடம் லெமூரியாவாக இருக்கலாம் என்று ஊகித்தார். பிளாவட்ஸ்கி அம்மையார் 1888இல் தம் பிரம்மஞான நூலில் அதைக் குடிகளால் நிரப்பினார். ஸ்காட் எலியட் 1904இல் வரைபடமே போட்டார். அதற்கு முந்தைய ஆண்டில் சூரியநாராயண சாஸ்திரி தமிழ்மொழியின் வரலாற்றில் குமரிநாடு என்று எழுதியிருந்தார். 1930களிலிருந்து குமரிக்கண்டம் என்ற பெயர் பிடித்துக்கொண்டது. 1941இல் கா. அப்பாத்துரை அதன் மேல் ஒரு தனி நூலே எழுதினார். பெயர் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லவேண்டும். கச்சியப்பரின் கந்தபுராணத்தில் அண்டகோசப் படலம் பரதகண்டத்தை ஒன்பதாகப் பிரிக்கிறது. பரதனின் எட்டு மகன்களுக்கு எட்டு, மகள் குமரிக்கு ஒன்று. அந்த ஒன்றுதான் குமரிகண்டம். புராணத்தை ஆரியக் கட்டுக்கதை என்று ஒதுக்கியவர்களும் இந்தப் பெயரை அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டார்கள். எடுத்தவர்கள் எந்தப் பெட்டியில் இருந்து எடுத்தோம் என்று சொல்லிக்கொள்ளவில்லை.

இனி சேலம். 1944 முதல் 1956 வரை தேவநேயப் பாவாணர் சேலம் நகராண்மைக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தார். அங்கே அவரிடம் படித்தவர்களில் ஒருவர் பின்னாளில் தென்மொழி இதழை நடத்திய பெருஞ்சித்திரனார். ‘முதல் தாய்மொழி’ 1953இல், அந்தச் சேலம் வருஷங்களில் வந்தது. மனிதன் தோன்றியது குமரிநாட்டில், அவன் பேசிய மொழி தமிழ், உலக மொழிகள் அதிலிருந்து கிளைத்தவை என்பது பாவாணரின் வாழ்நாள் வாதம். பாவாணரை ஏளனம் செய்வது சுலபம். செய்யக்கூடாது. சுட்டெழுத்துக்களிலிருந்து சொற்களை ஒவ்வொன்றாக வளர்த்துக் காட்டுகிற அவருடைய பொறுமைக்கு முன்னால் நம்முடைய விமர்சனப் படிப்பெல்லாம் சிறுபிள்ளை வேலை. 1961இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறி, வசதியில்லாமல் அலைந்தபோதும் அவர் தம் கட்சியை விற்கவில்லை. ஆனால் அவருடைய முறையில் ஒரு குணம் உண்டு. முரண்படுகிற சான்று எதிரில் வந்தால் அவர் தம் முடிவை மாற்றிக்கொள்வதில்லை. காலத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறார். ஐயாயிரம் போதாதா, ஐம்பதாயிரம். காலம் அவருக்குச் செலவில்லாத சரக்கு.

காவேரிக்கு அக்கரையில் பவானி. குமாரபாளையத்திலிருந்து பாலத்தைக் கடந்தால் போதும். அங்கே நெடுங்காலம் தமிழாசிரியராக இருந்தவர் ஓலவலசில் பிறந்த புலவர் குழந்தை. அவருடைய இராவண காவியம் 1946இல் வந்தது. 1948இல் அரசாங்கம் தடைசெய்தது. 1971இல் தடை நீங்கியது. ஐந்து காண்டம், மூவாயிரத்துச் சொச்சம் பாட்டு. முதல் காண்டம் தமிழகக் காண்டம். கடல் கொள்ளாத பழந்தமிழ் நாட்டைத் திணை திணையாக வர்ணிக்கிறது. 1940களில் அவர் அந்த நாட்டுக்கு வரைபடமும் வரைந்தார். பள்ளிக்கூட வாத்தியாருக்கே உரிய திருத்தமான வேலை. வரைபடத்தில் ஒரு சௌகரியம், ஒரு கஷ்டம். பாட்டில் ‘பன்மலை அடுக்கம்’ என்று சொல்லி நகர்ந்துவிடலாம். படத்தில் மலையை எங்கேயாவது வைத்தாக வேண்டும். ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று காட்டியாக வேண்டும். உரைகாரர்கள் நிச்சயமில்லாமல் விட்ட ஒவ்வொன்றையும் பேனா நிச்சயம் செய்துவிடுகிறது. படத்தில் ‘போலும்’ போட இடமில்லை.

காவதத்தின் கதி இதைவிட மோசம். காதம் என்பது பத்து மைல் என்று அகராதி சொல்கிறது. அப்படியானால் எழுநூறு காவதம் ஏழாயிரம் மைல். கன்னியாகுமரி பூமத்திய ரேகைக்கு வடக்கே எட்டுப் பாகையில் இருக்கிறது. அங்கிருந்து தென்துருவம் ஏறக்குறைய 6770 மைல். ஆக, குமரியாற்றிலிருந்து நேர் தெற்கே நடந்தால் பஃறுளியை அடையுமுன் துருவத்தைத் தாண்டி அந்தப் பக்கம் வடக்கு நோக்கி ஏறத் தொடங்கியிருப்போம். இது ஆகாது. பழைய கணக்கு வாய்பாட்டில் நாலு கூப்பிடு தூரம் ஒரு காதம். அது இரண்டேகால் மைலுக்குத்தான் வரும். இதை எடுத்துக்கொண்டால் சுமார் 1600 மைல். நிலம் அடக்கமாகிவிடுகிறது. காவதம் எவ்வளவு என்பதைக் கொண்டு நிலத்தை அளக்காமல், எவ்வளவு நிலம் வேண்டும் என்பதைக் கொண்டு காவதத்தை அளந்தார்கள். இதைச் செய்தவர்கள் பொய்யர்கள் அல்ல என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. ஒவ்வொருவரும் ஒரு முரணை உண்மையான அக்கறையோடு தீர்த்துக்கொண்டிருந்தார்கள்.

1977இல் இரா. மதிவாணன் ஒரு வரைபடம் வெளியிட்டார். 1981இல் பொள்ளாச்சி நா. மகாலிங்கத்தின் நூலில் இன்னொன்று, கி.மு. 30000இன் தமிழ்நாடு. இந்தப் படங்கள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. எல்லைகள் விரிகின்றன, சுருங்குகின்றன, ஒன்றில் ஆப்பிரிக்காவைத் தொடுகின்றன. 1991இல் மதிவாணன் ஒரு காலவரிசையும் தந்தார். அதில் குமரிக்கண்டம் மூழ்கியது கி.மு. 16000, இரண்டாம் சங்கம் கூடியது கி.மு. 6087. இந்த 6087தான் என்னை உட்கார்ந்து யோசிக்க வைத்தது. ஆறாயிரம் என்றால் அது ‘போலும்’ வகை. 6087 என்றால் ரசீது. 1981 ஜனவரியில் மதுரையில் நடந்த ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டில் ப. நீலகண்டன் இயக்கிய குமரிக்கண்டம் பற்றிய படம், அரசாங்கச் செலவில் எடுக்கப்பட்டது, திரையிடப்பட்டது. பாவாணர் அந்த மாநாட்டில் பேசினார். நெஞ்சுவலியில் விழுந்தார். அந்த மாதத்திலேயே இறந்தார். தாம் நாற்பது வருஷம் வாதாடிய நிலம் திரையில் ஓடுவதோடு அவர் வாழ்க்கை முடிந்தது.

நிரம்பை, ஓலவலசு, சேலம், பொள்ளாச்சி. மேட்டாங்காடும் கிணற்று இறைப்புமான ஊர்கள். சேலத்திலிருந்து எந்தக் கடற்கரைக்குப் போவதென்றாலும் ஒரு பகல் பயணம். இதை விதி என்று சொல்ல வரவில்லை. பாவாணர் பிறந்தது சங்கரன்கோவில் பக்கம், மறைமலையடிகள் நாகப்பட்டினம். ஆனாலும் கடலோடு தினம் சண்டை போடுகிற மீனவன் இந்த நூல்கள் எதையும் எழுதவில்லை. குமரிமுனைக்குத் தெற்கே வாட்ஜ் பாங்க் என்ற ஆழமில்லாத மேடு இருப்பதும் அங்கே மீன் கிடைக்கும் என்பதும் அவனுக்குத் தெரியும். இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே இருந்தது. அந்த மேட்டில் பெரும்பகுதி அப்போது தரை. இலங்கைக்கு நடந்து போகலாம். கடல் ஏறியது, கரை பின்வாங்கியது, இது உண்மை. சில பத்து மைல் நிலம் போனது. இரண்டு கூற்றம் என்று வேண்டுமானால் சொல்லலாம். அதற்குத் தெற்கே கடல் நாலாயிரம் மீட்டர் ஆழத்துக்கு இறங்குகிறது. அங்கே மூழ்கிய நாடு எதுவும் இல்லை. சேலத்துப் பாறைகள் இருநூற்றைம்பது கோடி ஆண்டுப் பழமையானவை என்பதும் உண்மை. பாறை பழசு என்பதால் மனிதன் பழசாகிவிட மாட்டான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2013இல் மொரீசியஸ் அடியில் பழைய கண்டத் துணுக்கு ஒன்று இருப்பதாக நிலவியலாளர்கள் சொன்னபோது நம் பத்திரிகைகள் குமரிக்கண்டம் கிடைத்துவிட்டது என்று கொண்டாடின. அந்தத் துணுக்கு பிரிந்த காலத்தில் மனிதனே இல்லை.

எழுதப்பட்ட உலகத்தின் முரண்களைத் தீர்ப்பது வாசகனுக்கு இயல்பான ஆசை. டாக்டர் வாட்ஸனுக்கு 1887இல் வந்த முதல் நாவலில் தோளில் குண்டுக் காயம். 1890இல் வந்த அடுத்ததில் காலில். கோனன் டாயில் மறந்துவிட்டார், அவ்வளவுதான். ரொனால்ட் நாக்ஸ் 1911இல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை விவிலிய ஆராய்ச்சியின் கெடுபிடியோடு ஆராய்ந்து ஒரு கட்டுரை படித்தார். வேடிக்கைக்காகத் தொடங்கியது, பின்னால் இதற்கென்றே சங்கங்கள் கூடின. அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘ஸ்டார் ட்ரெக்’ என்று ஒரு விண்வெளித் தொடர். 1966இல் அதில் ஒரு பாத்திரம் தன் கிரகமான வல்கனுக்கு நிலா இல்லை என்கிறது. 1979இல் திரைப்படமாக எடுத்தபோது வல்கனின் வானத்தில் பெரிய கோளங்கள் தொங்குகின்றன. ரசிகர்கள் விடவில்லை. அது நிலா அல்ல, கூடவே சுற்றுகிற சகோதரக் கிரகம் என்று தீர்த்தார்கள். அதற்குப் பெயரும் வைத்தார்கள். 2001இல் படத்தைத் திருத்தி வெளியிட்டபோது தயாரிப்பாளர்கள் அந்தக் கோளங்களை எடுத்தேவிட்டார்கள். அடியார்க்குநல்லாருக்கு இந்த ரசிகர்களைப் பிடித்திருக்கும் என்று நினைக்கிறேன். முறை அவருடையதுதான். இரண்டு கூற்றும் மெய், ஆகவே நடுவில் ஒன்று உண்டு.

வித்தியாசம் ஒன்றுதான். வல்கனுக்கு நிலா உண்டா என்று இரவெல்லாம் சண்டை போடுகிறவனுக்கு விடிந்ததும் வல்கன் இல்லை என்று தெரியும். விளையாட்டின் கண்டிப்பு முழுவதும் அந்தத் தெரிதலின் மேல் நிற்கிறது. களவியலுரைக்காரருக்கும் ஒருவிதமாகத் தெரிந்திருந்தது. பாவாணருக்கும் அவர் வழிவந்தவர்களுக்கும் தெரிய வேண்டாமாயிற்று. போர்ஹேயின் ‘டிலோன், உக்பார், ஓர்பிஸ் டெர்டியஸ்’ 1940இல் வந்த கதை. இல்லாத ஒரு கிரகத்துக்கு ஒரு ரகசியக் கூட்டம் கலைக்களஞ்சியம் எழுதுகிறது. மொழி, தத்துவம், பூகோளம், எல்லாம் முரணில்லாமல். கடைசியில் உலகம் அந்தக் கிரகத்துக்கு இடம் கொடுத்து ஒதுங்கிக்கொள்கிறது. முரணில்லாத உலகம் ஒன்று கையில் கிடைத்தால் முரண் நிறைந்த நம் உலகத்தை யார் வைத்துக்கொள்வார்கள்? இதே பத்தாண்டில்தான் பவானியில் வரைபடம் வரையப்பட்டது. போர்ஹே பயந்து எழுதியதை நாம் பாடப்புத்தகத்தில் அச்சிட்டோம்.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். சரித்திரத்துக்கு நஷ்டம் என்று சிவராஜ பிள்ளை 1932இலேயே சொல்லியாயிற்று. சங்கக் கதையைச் சான்றாகக் கொள்வதற்கில்லை என்று அவரும் வையாபுரிப் பிள்ளையும் நீலகண்ட சாஸ்திரியும் எழுதியதைத் துரோகம் என்று தள்ளியும் ஆயிற்று. லெமூரியா பற்றி சுமதி ராமஸ்வாமி 2004இல் எழுதிய ஆங்கில நூல் இந்த வரைபடங்களையெல்லாம் சேர்த்து ஆராய்ந்திருக்கிறது. நான் கவலைப்படுவது இலக்கியத்தின் நஷ்டத்தைப் பற்றி. நாற்பத்தொன்பது நாடு, இரண்டு பாலைக்கு நடுவே ஒரு மதுரை, கடலுக்குள் போன நூல்களின் வெறும் பெயர்ப் பட்டியல் என்று எந்த மொழிக்கும் கிடைக்காத ஒரு கற்பனை நிலம் நமக்கு இருந்தது. அதில் தமிழ்க் கவிஞன் எவ்வளவு உலாவியிருக்கலாம்! உலாவவில்லை. காரணம், அது கற்பனை என்று சொல்ல அனுமதி இல்லாமல் போனது. சரித்திரம் என்று முத்திரை குத்திய இடத்துக்குள் சிருஷ்டி போக முடியாது. போனால் ஆதாரம் கேட்பார்கள். புலவர் குழந்தை ஒருவர்தான் முழுக் காவியமாகப் போனார். அவருடைய தமிழகக் காண்டத்தைத் தடைக்காகவும் தடை நீக்கத்துக்காகவும் பேசினோமே தவிர, அதைக் கவிதையாகப் படித்து நல்லது கெட்டது சொன்னவர்கள் குறைவு. எனக்கு அதில் வர்ணனை மிகுதியாகவும் ஆட்கள் குறைவாகவும் படுகிறது. அந்த நிலத்தில் எல்லாம் இருக்கிறது, குறை மட்டும் இல்லை. குறையில்லாத ஊரில் கதை எப்படி நடக்கும்? ஆனாலும் அதைக் காவியம் என்று சொல்லியே அவர் எழுதினார். அந்த நேர்மை 6087 என்ற எண்ணில் இல்லை.

இன்னொன்று. உரைகாரர்களின் முரண்களை நாம் சமன் செய்யச் செய்ய, அவர்கள் காலத்தைப் பற்றி அவை சொல்லக்கூடியதை இழக்கிறோம். எழுநூறு காவதமும் இரண்டு கூற்றமும் ஒரே உரையில் இருப்பது அடியார்க்குநல்லார் காலத்தில் கடல்கோள் பற்றிக் குறைந்தது இரண்டு கதைகள் வழங்கின என்பதற்குச் சான்று. ஒன்று, எண்களில் திளைக்கிற புலவர் கதை. இன்னொன்று, கூற்றம் கூற்றமாக எல்லை தெரிந்த ஒருவரின் கதை; நிர்வாகத்தோடு தொடர்புடைய யாரோ சொல்லியிருக்க வேண்டும். இந்த இரண்டு கதைகளையும் யார் யாரிடம் எங்கே சொன்னார்கள் என்று தேடினால் நமக்கு உண்மையான இடைக்காலத் தமிழ்நாடு கொஞ்சம் கிடைக்கும். இழந்த பதினாறாயிரம் ஆண்டைத் தேடுகிறவர்களுக்கு அந்த எழுநூறு எண்ணூறு ஆண்டு அற்பமாகத் தெரிகிறது.

கடல் கொண்ட நூல்களுக்காக நாம் நூறு வருஷமாக அழுகிறோம். சிலப்பதிகாரத்தை உ.வே. சாமிநாதையர் 1892இல் பதிப்பித்தபோது அடியார்க்குநல்லார் உரை முழுவதும் கிடைக்கவில்லை. வஞ்சிக் காண்டத்துக்கு அடியோடு இல்லை. நடுவில் கானல்வரிக்கும் இல்லை. மாதவியும் கோவலனும் கடற்கரையில் உட்கார்ந்து பாடிப் பிரிகிற பகுதி அது. சிலம்பில் கடல் சத்தம் முழுசாகக் கேட்கிற இடம். குமரியைக் கடலாக்கிய கொங்கு நாட்டுக்காரர் அந்தப் பாட்டுக்கு என்ன சொன்னார் என்று தெரிந்துகொள்ள நமக்கு வழியில்லை. அந்தச் சுவடிகளைக் கடல் கொள்ளவில்லை.